படுக்கைக்கடியில் நூற்றிருபது லிட்டர்

இந்த நாற்காலியின் பின்கால் வெல்டு விட்டுப்போயிருக்கிறது, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. பெரிய வேலையில்லை, அரை வெல்டிங் ராடு போதும். யாரோ அவசரத்தில் மேலாகத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒருவர் உட்கார்ந்து எழுந்திருக்கிற சாமானை இப்படியா செய்வார்கள் என்று எனக்குக் கோபம்கூட வரும். சரி, அதை விடுங்கள். நீங்கள் கேட்டதை வரிசையாகவே சொல்கிறேன்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்குப் 'பூட்டு' என்று பெயர். நான் சேர்த்த இரும்பு திறந்ததில்லை என்பதால் வந்த பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். சம்பளச் சீட்டில் மட்டும் அப்பா வைத்த பெயர் இருக்கும்; அதைப் படித்துவிட்டு, யாரப்பா இவன் என்று நானே ஒரு நிமிஷம் யோசித்ததுண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, கீழே தங்கை சமையல், பின்கட்டில் என் சாமான்கள். குறையில்லாத வாழ்க்கை.

தங்கையின் கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஆறடிக்கு மேல் உயரம். இடது முழங்கால் மட்டும் மடங்காது. சின்ன வயதில் விழுந்தது. உட்கார்ந்தால் அந்தக் காலை நீட்டித்தான் உட்காருவார், வீட்டில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு தெரியாது, அத்தனை வரைபடம். எதைக் கண்டாலும் பெயர் எழுதி ஒட்டுவார். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டினார். தங்கை அதைக் கிழித்து அவர் முதுகில் ஒட்டி, இனிமேல் தொலைந்துபோக மாட்டீர்கள் என்றாள். அப்படி ஒரு வீடு.

ஒரு நாள் சாப்பிட்ட கையோடு ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை, நடுவே ஒன்றுமே எழுதாத மஞ்சள் நிறப் பாலைவனம்.

"மச்சான், இதுல ரோடே இல்ல பாருங்க" என்றார். பிள்ளைக்குப் பரீட்சை ரத்தானது போல முகம்.

"ரோடு இல்லேன்னா எப்படிப் போறது?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏலத்தில் ஒரு பழைய பட்டாள லாரி எடுத்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, எஞ்சின் நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் துரு. ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள், மாலை நேரம் எல்லாம் அந்த வண்டிக்குத்தான். நான் இரும்பு, அவர் மரமும் படமும். பின்னால் ஓர் அறை கட்டினோம்: இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு மேசை. மாப்பிள்ளை நேராகக் கால் நீட்டிப் படுக்க அந்த லாரியின் நீளம் போதவில்லை. அதனால் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, நடுவில் வெட்டி, ஒன்றே முக்கால் அடி இரும்பு சேர்த்து நீட்டினேன். அவருக்காகத்தான் நீட்டினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில்தான் எங்களுக்குள் ஒரே ஒரு தடவை வாக்குவாதம் வந்தது. அவர் எங்கேயோ ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்தார். லாரி சேசிஸ் இரும்பை வெல்டு வைத்துச் சேர்க்கக் கூடாதாம். சூட்டில் பக்கத்து இரும்பின் பலம் போய்விடுமாம். இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து போல்ட் போட்டுத்தான் முடுக்க வேண்டுமாம். படத்தோடு காட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க கிளாஸ்ல பாடம் எடுக்கிறப்ப நான் வந்து மலையைத் தள்ளி வைங்கன்னு சொல்றேனா?" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி மச்சான். உங்க கை, உங்க வேலை. நான் ஸ்டிக்கர் ஒட்டுற ஆளு." அதோடு புத்தகத்தை மூடிவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த குணம் அது.

தண்ணீருக்கு இரண்டு ஏற்பாடு. அன்றாடச் செலவுக்கு வெளிப்பக்கம் நான்கு கேன்கள், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். ஆபத்துக்கு என்று அவர் படுக்கைக்கடியில் நூற்றிருபது லிட்டர் தொட்டி. கேன்கள் தீரும்வரை அந்தத் தொட்டியைத் தொடக் கூடாது என்று முடிவு. தொட்டிக்குள் ஒரு மிதவை வைத்து, அதிலிருந்து கயிறு ஓட்டி, முன்பக்கம் ஒரு முள்ளில் அளவு காட்டும்படி செய்தது மாப்பிள்ளைதான். அந்த முள்ளுக்குப் பக்கத்தில் 'உயிர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். தொட்டி உட்கார்ந்த இடம் நேராக என் இணைப்புக்கு மேலே. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கிளம்புகிற அன்று தங்கை வாசலில் நின்று, "அண்ணா, வண்டியைவிட அவர் கொஞ்சம் முக்கியம். ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். சாமான் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் பார் என்று மாப்பிள்ளை சொல்ல, மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம், பாதியை இறக்கிவிட்டுப் போங்கள் என்று அவள் பதிலுக்குப் போட்டாள். அவள் வாய்க்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாலும் நிற்க முடியாது.

வழியில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. காலையில் வண்டியை எடுக்குமுன் நான் அடியில் படுத்துச் சேசிஸ், பட்டை, நட்டு எல்லாம் பார்ப்பேன். அவர் மேலே எண்ணெய், தண்ணீர், கட்டுக் கயிறு, அளவு முட்கள் பார்ப்பார். முடித்ததும் நான் "கீழே சுத்தம்" என்று குரல் கொடுக்க வேண்டும், அவர் "மேலே சுத்தம்" என்பார். இரண்டு குரலும் வந்தால்தான் சாவி. ஒருவர் பார்த்ததை மற்றவர் திரும்பப் பார்க்கக் கூடாது. அது நான் வைத்த சட்டம். பட்டறையில் அப்படித்தான், ஒருவன் முடுக்கிய நட்டை இன்னொருவன் ஸ்பானர் போட்டுப் பார்த்தால், அது அவனை முகத்தில் அறைவதற்குச் சமம். மாப்பிள்ளைக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. மடங்காத காலை வைத்துக்கொண்டு அவரால் அடியில் படுக்கவும் முடியாது.

எட்டு நாள் நன்றாகப் போனது. உண்மையில் என் வாழ்க்கையின் நல்ல எட்டு நாள் அவைதான், ஐயா. அவர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் பதினோரு கிலோமீட்டர்ல ஒண்ணுமே இல்ல மச்சான், தயாரா இருங்க" என்பார். பதினோரு கிலோமீட்டர் போவோம். ஒன்றுமே இருக்காது. "சொன்னேன்ல" என்பார்.

ஒன்பதாம் நாள் காலை அடியில் படுத்து டார்ச் அடித்தேன். வலது பக்கத்துச் சேசிஸில், கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல். தலைமுடி கனம், ஒன்றரை விரல் நீளம். விரிசலின் ஓரத்தில் துரு பொடியாக வந்திருந்தது, அதாவது உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கிறது. நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் மாட்டியது. விரிசல் என் வெல்டில் இல்லை. வெல்டுக்கு அரை விரல் தள்ளி இருந்தது. மாப்பிள்ளையின் புத்தகத்தில் படம் போட்டிருந்த இடமும் ஏறக்குறைய அதுதான். அது தற்செயல்.

என்ன செய்திருக்கலாம் என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். மெதுவாகத் திருப்பி ஓட்டியிருந்தால் இரண்டு நாளில் கடைசி ஊருக்கு வந்திருக்கலாம். அங்கே பட்டறை இருந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்க மாட்டார். எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்க மாட்டார். "பரவாயில்ல மச்சான், யானைக்கும் அடி சறுக்கும்" என்றிருப்பார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, தங்கையிடம்கூட, வண்டி சரியில்லை என்று பொதுவாகத்தான் சொல்லியிருப்பார். அந்தப் 'பரவாயில்ல'தான் எனக்கு முடியாது. முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் பரவாயில்லை என்று சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதில்லை. அடியில் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

பிறகு கிரீஸ் எடுத்து விரிசலின் மேல் தடவினேன், அதன் மேல் மண்ணைத் தூவினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை என்று நீங்கள் நினைக்கலாம். பூசணிக்காய் அப்போது அவ்வளவு பெரிதாக இல்லை.

"கீழே சுத்தம்" என்றேன்.

"மேலே சுத்தம். தண்ணி ஃபுல்" என்றார் அவர்.

பாரத்தைக் குறைத்தால் விரிசல் நின்றுவிடும் என்பது என் கணக்கு. தவறான கணக்கு இல்லை. அந்த இணைப்பின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது நூற்றிருபது கிலோ தண்ணீர். அன்று மதியம் ஒரு பாறைக் குன்றைப் படம் பிடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேமராவை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். போய்வர ஒரு மணி நேரமாகும். அவர் படுக்கையைத் தூக்கினேன், பலகையை எடுத்தேன், தொட்டி மூடியைத் திறந்து மிதவையை மேலேயே நிற்கும்படி செம்புக் கம்பியால் கட்டினேன். முள் அசையாது. பிறகு அடியில் போய் வால்வைத் திறந்தேன்.

இருபது நிமிஷம் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணல் எவ்வளவு குடித்தாலும் இன்னும் கொடு என்கிறது. கடைசி ஊரில் நிரப்பிய கேன்களில் அறுபது லிட்டருக்கு மேல் இருக்கிறது, ஐந்து நாளில் அடுத்த கிணறு, அங்கே நிரப்பிக்கொள்ளலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் திரும்பி வந்தபோது மணல் இன்னும் முழுக்கக் காயவில்லை.

"என்ன மச்சான், இங்க மட்டும் மழை பெஞ்ச மாதிரி இருக்கு?"

"ரேடியேட்டர் தண்ணி மாத்தினேன்."

"நல்லது" என்றார். படம் நன்றாக வந்திருக்கிறது என்று கேமராவைக் காட்டினார். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் விரிசல் வளரவில்லை. கிரீஸைத் துடைத்துப் பார்த்து, திரும்பப் பூசினேன். என் கணக்கு சரி என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மாலை நானே சமைத்தேன். மாப்பிள்ளை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பதினோராம் நாள், ஒரு வறண்ட ஆற்றைக் கடக்கும்போது, முன் சக்கரம் ஒன்று மேட்டில் ஏற, எதிர்ப்பக்கப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. முழங்காலில் வைத்து விறகை ஒடிக்கிற சத்தம். வண்டி நடுவில் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் ஓடியது, சக்கரம் சுழலவில்லை. இறங்கிப் படுத்துப் பார்த்தேன். வலது சேசிஸ் விரிசல் வழியாக மேல்வரை பிளந்து, கீழே சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்டை அழுத்திப் பிடித்திருந்தது.

"என்ன ஆச்சு மச்சான்?"

"ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. புதுசு வாங்கி மாட்டணும்."

"அவ்வளவுதானே" என்றார். நான் பார்த்ததை அவர் பார்க்க வரவில்லை. சட்டம் சட்டம்தான்.

போனில் சிக்னல் இல்லை. ஆளரவம் இல்லை. தெற்கே அறுபது கிலோமீட்டரில் உப்பு லாரிகள் போகிற தடம் ஒன்று அவருடைய வரைபடத்தில் இருந்தது. அவரால் நடக்க முடியாது. அவர் மேசை முன் உட்கார்ந்து, நீட்டிய காலைத் தடவிக்கொண்டே நிதானமாகத் திட்டம் போட்டார். வாத்தியார் இல்லையா.

"நீங்க நடந்து போய் ஆள் கூட்டிட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன். வண்டியை விட்டுப் போகக் கூடாதுன்னு எல்லாப் புக்லயும் இருக்கு."

"சரி" என்றேன்.

"கேன்ல எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணு ஃபுல்லா இருக்கு. இன்னொண்ணுல நாலு லிட்டர் இருக்கும்." முந்தின நாள் ஒரு கேன் கல்லில் மோதி ஓட்டையாகிப் போயிருந்தது. அதில் என் கை இல்லை.

"ரெண்டையும் நீங்க எடுத்துக்கோங்க. எனக்கு இங்க நூத்தியிருபது லிட்டர் இருக்கு. நான் குளிக்கவே போறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் வண்டிக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர், இருபத்துநான்கு லிட்டர். பாதியாகப் பிரித்திருந்தாலும் நான் நடந்திருப்பேன், அவரும் இருந்திருப்பார். இதை நான் யோசிக்காமல் இல்லை. வாய்வரை வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்போது எனக்குப் பயம் அவர் சாவதைப் பற்றி இல்லை, அவர் குனிந்து பார்ப்பதைப் பற்றி.

நாலு லிட்டர் கேனை அவருக்கே விட்டேன். "சும்மா வெச்சுக்கோங்க மாப்பிள்ளை, டீ போட ஆகும்" என்றேன். எவ்வளவோ மறுத்தார், நான் கேட்கவில்லை. அதை நான் கட்டாயப்படுத்தித்தான் விட்டேன் என்பதை யாரும் எழுதவில்லை. நிரம்பிய கேனை முதுகில் அவரே கட்டிவிட்டார். தோளில் வார் அறுக்கக் கூடாது என்று தன் துண்டை மடித்து உள்ளே வைத்தார்.

அதிகாலையிலும் சாயங்காலத்திலும் நடந்தேன், வெயிலில் பாறை நிழலில் கிடந்தேன். மூன்றாம் நாள் காலை தடம் வந்தது. மதியம் ஓர் உப்பு லாரி வந்தது. ஓட்டுநர் நல்ல மனிதர், பாதித் தூரம் நான் தூங்கிவிட்டேன், எழுப்பவில்லை. மாலையில் உங்கள் புறக்காவல் சாவடியில் இறக்கிவிட்டார். என் கேனில் இன்னும் மூன்று லிட்டர் மிச்சம் இருந்தது.

அங்கிருந்த அதிகாரியை நீங்கள் குறை சொல்லக் கூடாது. அவர் முதலில் கேட்டதே அதுதான்.

"கூட இருக்கிறவர் எப்படி இருக்காரு? தண்ணி இருக்கா?"

"நூத்தியிருபது லிட்டர் இருக்கு" என்றேன். "அவசரமில்ல."

அவரிடம் இருந்தது ஒரே ஜீப். வடக்கே ஒரு பஸ் கவிழ்ந்து அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "அப்படின்னா நாலு நாள் கழிச்சுப் போகலாமா?" என்றார். போகலாம் என்றேன். நாலு லிட்டர் அந்த வெயிலில் ஒருவருக்கு எத்தனை நாள் வரும் என்பது எனக்குத் தெரியும். நடந்து வந்தவன் நான்.

அங்கிருந்து தங்கைக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, அவர் எங்க? அவர்கிட்ட குடு."

"அவர் வண்டிகிட்ட இருக்காரு. சின்ன ரிப்பேர். நான் பார்ட்ஸ் வாங்க வந்தேன்."

"சாப்பிடறாரா?"

"என்னைவிட நல்லாச் சாப்பிடறாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அதற்காக உண்மையைச் சொல்லிவிட முடியுமா?

அந்த நான்கு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. சாவடிக்கு எதிரே ஒரு சின்னப் பட்டறை. அவர்களிடம் இடம் கேட்டு, எட்டு மில்லிமீட்டர் கனத் தகட்டில் இரண்டு பட்டை வெட்டினேன். முனைகளைச் சாய்வாக, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்தேன். அந்தப் பட்டறைக்காரர், இந்தக் காலத்தில் யார் இப்படி வேலை செய்கிறார்கள் என்று பாராட்டினார். பட்டையை வைத்து மூடிவிட்டால், அடியில் முன்பு என்ன இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெல்டிங் ஜெனரேட்டர் ஒன்றையும் இரவல் வாங்கினேன். மாப்பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லையா என்கிறீர்கள். நினைத்தேன். வேலை செய்துகொண்டே நினைத்தேன்.

நான் நடக்கத் தொடங்கிய எட்டாம் நாள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு காவலர்கள், நான். வண்டி நான் விட்ட இடத்தில் இருந்தது. அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அறைக் கதவைத் திறக்கப் போனார்கள். நான் பட்டைகளை எடுத்துக்கொண்டு அடியில் போனேன்.

அவர் அங்கே இருந்தார். அந்த வெட்டவெளியில் நிழல் என்றால் வண்டியின் அடி மட்டும்தான். மடங்காத காலை வைத்துக்கொண்டு எப்படி உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் ஆகியிருக்கும். மல்லாந்து படுத்திருந்தார், சரியாக வலது சேசிஸுக்குக் கீழே. கையில் அவர் சட்டை சுருட்டியிருந்தது. கிரீஸ் முழுவதையும் அதனால் துடைத்திருந்தார். விரிசல் மேலிருந்து கீழ்வரை சுத்தமாகத் தெரிந்தது.

எனக்கு வேலை செய்ய இடம் போதவில்லை. அவரை ஒரு முழம் நகர்த்தினேன். பட்டையை எடுத்து விரிசலின் மேல் வைத்துப் பார்த்தேன்.

காவலர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். பிறகு, "என்னய்யா பண்ற?" என்றார்.

"அளவு சரியா இருக்கு" என்றேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தொட்டி மூடி திறந்திருந்தது, மிதவையில் செம்புக் கம்பி இருந்தது, அந்த முடிச்சைப் பட்டறைக்காரன்தான் போட முடியும். அதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்த அழகை நான் பாராட்டுகிறேன். சுத்தமான வேலை.

நேற்று தங்கை வந்திருந்தாள். இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசவிட்டீர்கள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், முகம் காய்ந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கும்."

"எப்ப?"

"ரெண்டாம் நாள் சாயங்காலம். நாலு லிட்டர் தீர்ந்ததும் மூடியைத் திறந்திருப்பாரு."

எழுந்து போய்விட்டாள். நடையில் அவளுடைய செருப்புச் சத்தம் கடைசிவரை ஒரே மாதிரி கேட்டது. திரும்பிப் பார்ப்பாள் என்று கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. நீங்கள் சொன்னால் நல்லது. மாப்பிள்ளை பயணக் குறிப்பேட்டில் முதல் இரண்டு நாள் எழுதியிருக்கிறார்: காற்று எந்தத் திசை, வெயில் எவ்வளவு, மச்சான் இந்நேரம் இருபது கிலோமீட்டர் போயிருப்பார் என்றெல்லாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பேனா அங்கேயே இருந்தது, தாள் இருந்தது. உப்பு டப்பாவில்கூட எழுதுகிற மனிதர், என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தங்கை படித்துவிடக் கூடாது என்று எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு என் மேல் குறை இல்லை. விரிசலைத் தன் கண்ணால் பார்த்தார், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தார், புரிந்துகொண்டார். நியாயமான மனிதர்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியைத் திறந்துவிட்டது நான். மிதவையைக் கட்டியது நான். அவர் தண்ணீரில்லாமல் இருக்கிறார் என்று தெரிந்தே கேனை எடுத்துக்கொண்டு போனது நான். அவசரமில்லை என்று சாவடியில் சொன்னதும் நான்தான். அவர் உயிரோடு வந்தால் பார்த்ததைச் சொல்லிவிடுவார், அதனால் சொன்னேன். என் மாப்பிள்ளையைக் கொன்றது நான். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போடத் தயார், எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் உங்கள் எழுத்தர் 'வெல்டு உடைந்ததால்' என்று எழுதியிருக்கிறார். அதைத் திருத்த வேண்டும். வெல்டு உடையவில்லை, ஐயா. பக்கத்து இரும்புதான் உடைந்தது. அதைத் திருத்தாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.